சிக்னலிங் பாத்வே படிக்கிறதெண்டா அது எங்க நிக்குதெண்டு முதல் பாருங்கோ

வெள்ளவத்தைப் பக்கம் ஏஎல் பயோ படிக்கிற பிள்ளையள் கனபேர் இந்தப் பாடத்த, அதாவது வெளியில வாற செய்தி கலத்துக்குள்ள படிப்படியாப் போற விதத்த, அம்புக்குறி அம்புக்குறியா பாடமாக்கினம், கேள்விய கொஞ்சம் மாத்திக் கேட்டா அதோட நிண்டிடும். பாடமாக்க வேண்டாம். ஒரு வெள்ளைப் பேப்பரும் நீலப் பேனை, சிவப்புப் பேனையும் எடுங்கோ. ஒரே ஒரு பாத்வே போதும், சாப்பிடாம இருக்கேக்க குளுக்ககன் எண்ட ஓமோன் வந்து ஈரல்ல இருந்து குளுக்கோஸ எடுக்கிற கதை.

நீலத்தால ஒரு கோடு கீறுங்கோ, அதுதான் கலமென்சவ்வு. குளுக்ககன் வெளியிலதான் நிக்கும், உள்ளுக்கு வராது. அது மென்சவ்வில இருக்கிற ரிசெப்டர்ல (செய்திய வாங்கிற புரதம்) ஒட்ட ரிசெப்டர் வடிவம் மாறும், உள்பக்கம் இருக்கிற ஜி புரதம் ஜீடிபி (GDP) எண்ட சின்ன மூலக்கூற விட்டிட்டு ஜீரிபிய (GTP) பிடிக்கும், பிடிச்சோண்ண அடினைலைல் சைக்ளேஸ் எண்ட நொதியத்த உசுப்பும், அது ஏரிபிய (ATP) சைக்ளிக் ஏஎம்பி (cAMP) எண்ட தூது மூலக்கூறா மாத்தும், அதால புரோட்டீன் கைனேஸ் ஏ வேலை தொடங்கும் (கைனேஸ் எண்டா பொஸ்பேட் போடுற நொதியம்), அது அடுத்த கைனேஸுக்கு பொஸ்பேட் போட, கடைசியா ஈரல்ல சேமிச்சிருக்கிற கிளைக்கோசன் உடைஞ்சு குளுக்கோஸ் வரும். சைக்ளிக் ஏஎம்பியக் கண்டுபிடிச்ச சதர்லண்டுக்கு 1971ல நோபல் பரிசு குடுத்தவை. மென்சவ்வு இல்லாத கலச்சாற்றுக்கு ஓமோன விட்டா ஒண்டும் நடக்கேல்ல, மென்சவ்வையும் சேர்த்தா நடந்தது, அப்ப நடுவில ஒரு தூதர் இருக்கெண்டு பிடிச்சார். எனக்கு இந்தப் பாடத்திலயே ஆகப் பிடிச்ச பரிசோதனை அதுதான்.

இப்ப சிவப்புப் பேனை. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில அத ஆர் நிப்பாட்டுறது எண்டு எழுதுங்கோ. ஜி புரதம் தான் பிடிச்ச ஜீரிபிய தானே உடைச்சு அடங்கும், சைக்ளிக் ஏஎம்பிய பொஸ்போடைஎஸ்டரேஸ் உடைக்கும், பொஸ்பேட்ட பொஸ்பற்றேஸ் கழட்டும். கனபேர் இத விட்டிட்டுப் போறது எனக்கு உண்மையா கவலை, ஏனெண்டா வருத்தங்கள் விளங்கிறது இங்கதான். கொலரா நஞ்சு குடல் கலத்தில ஜி புரதத்த அடங்க விடாமப் பூட்டிப் போடும், சைக்ளிக் ஏஎம்பி ஏறிக்கொண்டே போகும், குளோரைட் வெளியில போகும், பின்னால சோடியமும் தண்ணியும் போகும். ஆனா குளுக்கோஸோட சேர்த்து சோடியத்த உள்ள எடுக்கிற வழிய அது தொடுறேல்ல, அதாலதான் ஜீவனி பக்கெட் (உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த தூள்) கரைச்சுக் குடுத்தா உயிர் தப்புது.

பிறகு பேப்பர்ல கலத்தின்ர பேர மட்டும் மாத்திப் பாருங்கோ. சைக்ளிக் ஏஎம்பி கூடினா இதயத்தசை பலமா சுருங்கும், சுவாசக்குழாய் மழமழப்புத் தசை தளரும். சைக்ளிக் ஏஎம்பியக் கூட்டுற சல்பூட்டமோல் இன்ஹேலர் இழுத்தா மூச்சு லேசாகிறதும் சிலருக்கு நெஞ்சு படபடக்கிறதும் இதாலதான். சிக்னல் ஒண்டுதான், எந்தக் கலத்தில எந்தப் புரதம் காத்துக்கொண்டிருக்கு எண்டதிலதான் விளைவு மாறும்.

இவ்வளவும் பாக்காமக் கீற வந்தாப் பிறகு இன்சுலினுக்குப் போங்கோ. அதுக்கு புதுப் பேப்பர் எடுக்க வேணும், அதின்ர ரிசெப்டரே ஒரு கைனேஸ்.