சுஜோ தோட்டத்தைப் பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

ஷாங்காயிலிருந்து விரைவு ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் சுஜோ. இந்த ஊரின் ஒன்பது பழைய தோட்டங்கள் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. பூக்களைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். பதவியை விட்டு ஒதுங்கிய அதிகாரிகள் பலர், மலையும் நீருமான ஓவியத்தைத் தங்கள் வீட்டு மதிலுக்குள்ளேயே எழுப்பிக்கொண்ட இடங்கள் இவை.

படி 1: சின்னதில் தொடங்குங்கள். எல்லாரும் முதலில் ஓடுவது சோச்செங் தோட்டத்துக்கு. ஐந்து ஹெக்டேர், அதாவது பன்னிரண்டு ஏக்கருக்கு மேல், எப்போதும் கூட்டம். என்னைக் கேட்டால் முதலில் வாங்ஷி தோட்டம். மொத்தமே ஒன்றரை ஏக்கருக்குள்தான்.

படி 2: குளத்தின் ஓரத்தைக் கவனியுங்கள். வாங்ஷியின் நடுவில் ஒரு சிறு குளம். அதன் மூலைகள் பாறைக்கு அடியிலும் பாலத்துக்கு அடியிலும் நுழைந்து மறைகின்றன. நீர் எங்கே முடிகிறதென்று தெரியாததால் குளம் பெரிதாகத் தோன்றுகிறது. பாலமோ நாலைந்து எட்டில் கடந்துவிடலாம். அதன் பக்கத்தில் குளம் இன்னும் அகலமாகிவிடும்!

படி 3: கல்லுக்கு நேரம் ஒதுக்குங்கள். பலர் இதைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்தத் தோட்டங்களில் நிறுத்தியிருப்பவை, பக்கத்தில் உள்ள தாய்ஹு என்ற ஏரியில் நீர் அரித்த சுண்ணாம்புக் கற்கள். நல்ல கல்லுக்கு நாலு இலக்கணம்: ஒல்லியாக இருக்க வேண்டும், மேனியில் சுருக்கம் வேண்டும், நீர் வழிந்தோடும் குடைவுகள் வேண்டும், ஒளி ஊடுருவும் துளைகள் வேண்டும். லியூ தோட்டத்தில் ஆறரை மீட்டர் உயரத்தில் ஒரு கல் நிற்கிறது. சுற்றி வந்து பாருங்கள், ஒரு பக்கம் போல மறுபக்கம் இருக்காது. கல்தான் இங்கே மலை. பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவர்? ஓவியத்தாள்.

படி 4: செடிகள். மூங்கில் வளையும், ஒடியாது. அது நேர்மையின் அடையாளம். சேற்றில் பிறந்தும் அழுக்கு ஒட்டாத தாமரை, மாசற்ற மனிதன். ஜன்னலோரம் வாழை நிற்பது பழத்துக்காக அல்ல, இலைமேல் மழை விழும் சத்தத்துக்காக.

படி 5: இப்போது சோச்செங் போகலாம். நடுக்குளத்தின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். மரங்களுக்கு மேலே பெய்சி என்ற பழைய பௌத்தக் கோபுரம் தெரியும். அது தோட்டத்துக்குள் இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஊருக்குள் இருக்கிறது. வெளியே இருப்பதைக் காட்சிக்குள் இப்படிக் கடன் வாங்குவதைப் பற்றித்தான், 17ஆம் நூற்றாண்டில் தோட்டக்கலை நூல் எழுதிய ஜி செங் தன் கடைசி அத்தியாயத்தில் பேசுகிறார். காலையில் கதவு திறந்ததும் போய்விடுங்கள், அப்புறம் அந்தக் கரையில் கேமராக்காரர்கள் நிறைந்துவிடுவார்கள்.