சென்னை வெயில்ல மர்மமா? போன்லயே கருப்பு வெள்ளை போட்டோ எடுக்கலாம் வாங்க

போன மார்கழில பெசன்ட் நகர் பீச்ல ஒரு போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டேன். மணல்ல அந்த வெள்ளை நினைவுச் சின்னம், பக்கத்துல முதுகு காட்டி ஒரு ஆளு, பின்னாடி கடல், மொத்தமும் கருப்பு வெள்ளை. சித்தப்பா கிட்டேருந்து வந்த மொத ரிப்ளை: "யாருப்பா தவறிட்டாங்க?"

எனக்கு அது பெரிய பாராட்டாத்தான் பட்டுச்சு, ஏன்னா அந்தச் சின்னமே 1930ல கடல்ல முழுகுனவங்கள காப்பாத்தப் போயி தானும் போயிட்ட ஷ்மிட்ங்கிற டென்மார்க்காரருக்காக கட்டுனது, நாமதான் அதுக்கு முன்னாடி சுண்டலும் பஜ்ஜியும் சாப்டுட்டு கண்டுக்காம வந்துடுறோம். அந்தப் போட்டோ எப்படி எடுத்தேன்னு நாலஞ்சு பேர் கேட்டாங்க, அதான் இந்தப் பதிவு. பழைய போனா இருந்தாலும் பரவால்ல, காசு எதுவும் செலவாகாது, காலைல சீக்கிரம் எந்திரிக்கணும், அதான் கஷ்டம்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. கலர எடுத்துட்டா மட்டும் போட்டோ மர்மமாகிடாது, நல்ல வெயில்ல எடுத்த போட்டோல கலர எடுத்தா அது ஜெராக்ஸ் மாதிரிதான் இருக்கும். பாக்குறவங்க கண்ணுக்கு எதக் காட்டாம விடுறோம், அதுதான் வேலையே. முகம் தெரியக்கூடாது, இல்ல பாதை எங்க போகுதுன்னு தெரியக்கூடாது, ஏதோ ஒண்ணு குறையணும். கீழ சொல்லப்போறது எல்லாமே மறைக்கிறதுக்கான வழிகதான்.

<b>எப்போ, எங்க</b>

ஊட்டி கொடைக்கானல்னா பனி இருக்கும், சென்னைல என்ன இருக்குன்னு கேப்பீங்க. நமக்கு கடல் கிழக்கால இருக்கு, அது போதும். சூரியன் கடல்லேருந்து வர்றதால காலைல ரோட்டுப் பக்கம் நின்னு கடலப் பாத்து எடுத்தா நடுவுல இருக்குற ஆளு, படகு, நாய் எல்லாமே தானா கருப்பு உருவமாயிடும். டிசம்பர்ல சூரியன் ஆறேகால், ஆறரைக்குத்தான் வரும், ஜூன்ல ஆறு மணிக்கு முன்னாடியே வந்துடும், அதுக்கு இருபது நிமிஷம் முன்னாடியே அங்க இருங்க. மெரினால கூட்டம், பட்டினப்பாக்கத்துல ஃபைபர் படகும் வலைக் குவியலும் கிடைக்கும், அடையாறு கடல்ல சேர்ற எடத்துல உடைஞ்ச பாலம் இருக்கு, 1977 வெள்ளத்துல ஒரு பகுதி இடிஞ்சது, பாதில நிக்கிற பாலத்த விட மர்மமா ஒண்ணு வேணுமா என்ன. ஆனா அங்க இருட்டுல தனியா போகாதீங்க, விளிம்புக்குப் போயி செல்ஃபியும் வேணாம்.

கடல் தூரம்னா மழைக்காலத்துக்கு வெயிட் பண்ணுங்க. அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் வானம் மூடியிருக்குற நாள்ல தூங்குமூஞ்சி மரத்துக்கு அடில நின்னு மேல பாத்து எடுத்துப் பாருங்க, கிளையெல்லாம் நரம்பு மாதிரி தெரியும். போகி அன்னைக்கு விடியக்காலைல ஊரே புகை, 2018ல பிளைட்டே எறங்க முடியாத அளவுக்கு இருந்துச்சு. புகை நல்லதுன்னு சொல்ல வரல, ஆனா எப்படியும் இருக்கத்தான் போகுது, மாஸ்க் போட்டுட்டு தெருமுனை வரைக்கும் போயிட்டு வாங்க, போஸ்ட் லைட்டுக்குக் கீழ ஒரு சைக்கிள் வந்தா அன்னைக்கு யோகம்.

மத்தியானம் எடுக்கவே கூடாதுன்னு சொல்லுவாங்க, பாதி உண்மை. ஏப்ரல் கடைசிலயும் ஆகஸ்ட் நடுவுலயும் சூரியன் நமக்கு நேர் உச்சில நிக்கும், திறந்த வெளில நெழலே விழாது, மூஞ்சி எல்லாம் கண்ணுக்குக் கீழ குழி விழுந்த மாதிரி இருக்கும். ஆனா சவுகார்பேட்டை சந்து மாதிரி எடத்துல அதே வெயில் ரெண்டு சுவத்துக்கு நடுவுல கத்தி மாதிரி எறங்கும். அந்த வெளிச்சத்துக்குள்ள ஒருத்தர் கால வைக்கிற வரைக்கும் வெயிட் பண்ணி அமுக்குங்க.

<b>எடுக்குறப்போ</b>

மொதல்ல லென்ஸ துடைங்க. சிரிக்காதீங்க, கடற்கரைல பத்து நிமிஷம் நின்னாலே உப்புக் காத்து லென்ஸ் மேல படலமா ஒக்காந்துடும். பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒண்ணு பாக்கெட்ல வச்சுக்கோங்க.

அடுத்தது ரொம்ப முக்கியம், வெளிச்சத்தக் குறைக்கணும். போன் கேமராவுக்கு இருட்டுன்னாலே ஆகாது, எல்லாத்தையும் வெளிச்சமாக்கத்தான் பாக்கும். ஸ்கிரீன்ல வானத்துல பளிச்சுனு இருக்குற எடத்தத் தொட்டு அப்படியே அமுக்கிப் பிடிச்சா ஃபோகஸ் லாக் ஆகும், பக்கத்துல ஒரு சின்ன சூரியன் படம் வரும், அத கீழ இழுங்க. முன்னாடி நிக்கிற ஆளு முழுக்க கருப்பாகுற வரைக்கும் இழுங்க, பயப்படாதீங்க. எச்டிஆர் ஆஃப் பண்ற வசதி இருந்தா ஆஃப் பண்ணிடுங்க, அது நெழல்ல இருக்குறதெல்லாம் தோண்டி எடுத்து வெளிய போட்டுடும், நாம மறைக்க நினைக்கிறத அது காட்டிக் குடுத்துடும். நைட் மோடும் அப்படித்தான்.

கேமராலயே இருக்குற மோனோ ஃபில்டர் வேணாம், கலர்லயே எடுங்க. பல போன்ல ஃபில்டர் போட்டு எடுத்தா கலர் திரும்ப வராது, எடிட்டிங்ல அந்தக் கலர்தான் நமக்கு ஆயுதம், எப்படின்னு கீழ சொல்றேன். போன்ல ரா ஃபைல், அதாவது கேமரா சுருக்காம அப்படியே குடுக்குற போட்டோ, எடுக்க முடிஞ்சா இன்னும் நல்லது, லைட்ரூம் ஆப் கேமரால பல போனுக்கு அது கிடைக்கும்.

பனி வேணும்னா ஒரு தில்லுமுல்லு இருக்கு. லென்ஸ் மேல வாயால "ஹா"ன்னு ஊதிட்டு ஆவி கலையுறப்போ வரிசையா நாலஞ்சு எடுங்க, விளக்குக்கெல்லாம் ஒரு வட்டம் வந்துடும். நம்ம ஊர்ல ஊதக்கூட வேணாம், ஏசி ரூம்லேருந்து போன எடுத்துட்டு நேரா வெளிய வந்தீங்கன்னா அதுவே மூடிக்கும், நான் ரொம்ப நாள் அத துடைச்சுட்டுதான் எடுத்தேன், ஒரு நாள் துடைக்க மறந்து எடுத்ததுதான் இன்னைக்கு வரைக்கும் என்னோட நல்ல போட்டோ.

ஆளுங்கள எடுத்தா கேட்டுட்டு எடுங்க, இல்ல எடுத்துட்டாவது காட்டுங்க. பட்டினப்பாக்கத்துல வலை பின்னிட்டு இருந்த ஒரு அண்ணன்கிட்ட "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கவா"ன்னு கேட்டு எடுத்துட்டு ஸ்கிரீனக் காட்டுனேன். உத்துப் பாத்துட்டு "இன்னா தம்பி, கருவாடு கணக்கா இருக்கேன்"னாரு. அப்புறம் வேணும்னு வாங்கிக்கிட்டாரு.

<b>எடிட்டிங், இங்கதான் நேரம் எடுத்துக்கணும்</b>

எடிட் பண்ணா ஏமாத்துன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு பழைய கதை. 1858ல மதுரைலயும் தஞ்சாவூர்லயும் கோயில்கள போட்டோ எடுத்தாரு லின்னேயஸ் டிரைப், மதராஸ் அரசாங்கத்தோட போட்டோகிராஃபர். அந்தக் காலத்து நெகட்டிவ் நீல வெளிச்சத்துக்குத்தான் அதிகமா வேலை செய்யும், அதனால வானம் வெறும் வெள்ளையா வந்துடும். மனுஷன் என்ன பண்ணாரு, நெகட்டிவ் மேல பெயின்ட் வச்சு மேகத்தக் கையால வரைஞ்சாரு. நாம விரலால தேய்க்கிறோம், அவ்வளவுதான்.

நான் ஸ்னாப்சீட்ல சொல்றேன், ஃப்ரீ ஆப், விளம்பரமும் கிடையாது.

கடல்கோடு சாய்ஞ்சிருந்தா நேர் பண்ணிட்டு, ட்யூன் இமேஜ் போயி ஹைலைட்ஸையும் ஆம்பியன்ஸையும் கொஞ்சம் கொறைங்க. அப்புறம் பிளாக் அண்ட் ஒயிட். அதுல கீழ கலர் ஃபில்டர்னு ஒண்ணு இருக்கும், நெறைய பேர் அதத் தொடுறதே இல்ல. செவப்பு வச்சா நீல வானம் கருத்துப் போகும், மேகம் மட்டும் வெள்ளையா துருத்திக்கிட்டு நிக்கும், பட்டப்பகல்ல எடுத்தது கூட புயலுக்கு முன்னாடி எடுத்த மாதிரி ஆயிடும். பச்சை வச்சா மரம் செடியெல்லாம் வெளுத்து ஆவி புடிச்ச மாதிரி நிக்கும். கலர்ல எடுக்கச் சொன்னது இதுக்குத்தான். வானம் ஏற்கனவே மூடிக்கிட்டு சாம்பலா இருந்தா செவப்பு வச்சும் பிரயோஜனமில்ல, அங்க நீலமே கிடையாதே.

அடுத்து கர்வ்ஸ், இருட்டையும் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைக்கிற சாய்வான ஒரு கோடு. கோட்டோட கீழ்ப்பக்கத்தக் கொஞ்சம் கீழயும் மேல்பக்கத்தக் கொஞ்சம் மேலயும் இழுத்தா அழுத்தம் கூடும். இடது மூலைல இருக்குற புள்ளிய மட்டும் லேசா மேல தூக்குனா கருப்பு முழுக் கருப்பா இல்லாம பழைய ஆல்பம் மாதிரி மங்கும். ரெண்டுல எது வேணும்னு போட்டோவப் பாத்து முடிவு பண்ணுங்க, உடைஞ்ச பாலத்துக்கு அழுத்தம், புகை மூட்டத்துக்கு மங்கல், என் ருசி இது.

அப்புறம் பிரஷ், அதுல டாட்ஜ் அண்ட் பர்ன், தேய்க்கிற எடத்த மட்டும் வெளுக்கவோ கருக்கவோ வைக்கிறது. ஓரம், மூலை, தேவையில்லாத ஐஸ்கிரீம் வண்டி, குப்பைத்தொட்டி, பின்னாடி தெரியுற அப்பார்ட்மென்ட், எல்லாத்தையும் மைனஸ் அஞ்சு, மைனஸ் பத்துல விரலால தேய்ச்சுத் தேய்ச்சு இருட்டுக்குள்ள தள்ளுங்க. ஜூம் பண்ணா பிரஷ் சின்னதாகும். பார்வை எங்க போகணுமோ அந்த ஒரே எடத்துல மட்டும் லேசா பிளஸ். நான் ஒரு போட்டோவுக்கு இதுல மட்டும் கால் மணி நேரம் ஒக்காருவேன், பஸ்ல போறப்போ பண்ண நல்ல வேலை. விக்னெட்னு ரெடிமேடா ஒண்ணு இருக்கு, நாலு மூலையும் ஒரே மாதிரி கருக்கும், கல்யாண ஆல்பம் மாதிரி ஆயிடும், எனக்குப் பிடிக்கல.

<b>இப்போ சாயம்</b>

கருப்பு வெள்ளைக்கு லேசா ஒரு நிறம் ஏத்துறதுதான் டோனிங். ஃபிலிம் காலத்துல இது கெமிக்கல் வேலை, செப்பியான்னா பிரிண்ட்ல இருக்குற வெள்ளிய சல்ஃபைடா மாத்துறது, அந்த பிரவுன் அழகுக்கு மட்டுமில்ல, பிரிண்ட் ரொம்ப வருஷம் நிக்கவும் உதவுச்சு. நீலத்துக்கு சயனோடைப்னு தனி பிரிண்ட் முறையே இருந்துச்சு, 1842ல ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்சது, அதுல வெள்ளியே கிடையாது, இரும்பு உப்பு.

நமக்கு திரும்பவும் கர்வ்ஸ்தான். ஆர்ஜிபின்னு (செவப்பு, பச்சை, நீலம் மூணும் சேந்தது) இருக்குறத ப்ளூவா மாத்துங்க. இடது கீழ் மூலைப் புள்ளிய இத்தனூண்டு மேல தூக்குனா நெழல்ல நீலம் ஏறும், வலது மேல் மூலைப் புள்ளிய கொஞ்சம் கீழ எறக்குனா வெளிச்சத்துல மஞ்சள் ஏறும். ரெண்டையும் சேத்துப் பண்ணா விடியக்காலை குளிருக்கு நடுவுல ஒரே ஒரு டீக்கடை பல்பு எரியுற மாதிரி இருக்கும். செப்பியா வேணும்னா ரெட்ட நடுவுல தூக்கி, ப்ளூவ நடுவுல எறக்குங்க. லைட்ரூம் வச்சிருக்கீங்கன்னா கலர் கிரேடிங்ல நெழலுக்கு ஒண்ணு, வெளிச்சத்துக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வட்டம் இருக்கும், வேலை சுலபம், ஆனா சாச்சுரேஷன், அதாவது நிறத்தோட அழுத்தம், பதினஞ்சத் தாண்டாதீங்க. சாயம் ஏத்துனது பாக்குறவங்களுக்குத் தெரியவே கூடாது, தெரிஞ்சா ஜாஸ்தி.

கடைசியா கிரெய்னி ஃபிலிம்ல கொஞ்சம் புள்ளி. வானம் வழுவழுன்னு பிளாஸ்டிக் மாதிரி இருக்குறத அது ஒடைக்கும். பண்ணது பிடிக்கலன்னா வியூ எடிட்ஸ்ல போயி எந்த ஸ்டெப்ப வேணா மாத்திக்கலாம், முழுசா திரும்ப ஆரம்பிக்க வேணாம்.

போட்டோவ உடனே போஸ்ட் பண்ணாதீங்க, மறுநாள் காலைல ஒரு தடவ பாருங்க. ராத்திரி ஸ்கிரீன் பிரைட்னஸ் கம்மியா வச்சு எடிட் பண்ணிருப்பீங்க, காலைல பாத்தா நினைச்சத விட வெளுப்பா இருக்கும், எனக்கு இது இன்னும் நடக்குது. வாட்ஸப்ல அனுப்புறப்போ போட்டோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்புங்க, இல்லன்னா அது சுருக்குற சுருக்குல நீங்க போட்ட கிரெய்ன் எல்லாம் சேறாயிடும், அப்புறம் உங்க சித்தப்பா கேமரா ரிப்பேரான்னு கேப்பாரு.