கல் தேடும் முன் நிலம் யாருடையது என்று பாருங்கள்
கல் சேகரிக்கக் கிளம்பும்போது, எந்தக் கல் எங்கே கிடைக்கும் என்று தேடுவதற்கு முன்பே அந்த இடம் யாருடையது என்று நில உரிமை வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். கல்லைவிட நிலத்தைப் பொறுத்தே பெரும்பாலும் விதி மாறும். அமெரிக்காவில் நில மேலாண்மைத் துறையின் பொது நிலத்தில், கல்மரத்தை (கல்லாக மாறிப்போன பழங்கால மரத்தை) சொந்த உபயோகத்துக்கு நாளொன்றுக்கு 25 பவுண்டும் கூடவே ஒரு துண்டும் எடுக்கலாம். ஆண்டுக்கு 250 பவுண்டு தாண்டக் கூடாது, விற்கவும் கூடாது. பக்கத்திலேயே தேசியப் பூங்கா இருந்தால், அங்கே பொதுவாகக் கூழாங்கல்லைக்கூட எடுக்க முடியாது.

அப்புறம், பொது நிலத்திலும் யாராவது சுரங்க உரிமை பதிந்திருக்கலாம். அது இந்த வரைபடத்தில் தெரியாமல் போகலாம், தனியாக விசாரியுங்கள். கட்டணம் வாங்கித் தோண்டவிடும் தனியார் சுரங்கம் என்றால் இவ்வளவு அலைச்சல் வேண்டாம், அவர்களிடமே கேட்டால் சரி.