நாலு பேரும் வீட்டிலேயே: ஊரடங்கு போட்ட சிக்கை எடுப்பது எப்படி

2020 மார்ச் 25-இல் 21 நாள் என்று சொல்லித் தொடங்கிய ஊரடங்கு, சென்னையில் ஜூன் 19-இல் இன்னும் இறுகியது. 2021 மே மாதம் மறுபடி வந்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியது 2021 நவம்பர் 1-இல்தான். அத்தனை மாதத்தில் பழக்கம் ஊறிவிடும். ஊரடங்கில் வெளியே போக வாங்கிய இ-பாஸ் ஒழிந்தது. வாரத்தில் மூன்று நாள் வொர்க் ஃப்ரம் ஹோம், பிள்ளை கையில் போன், மூடாத சமையலறை, இதெல்லாம் ஒழியவில்லை. பாசம் குறைந்துவிட்டது என்று நினைக்கும் பல வீடுகளில் உண்மையில் குறைந்திருப்பது இடமும் நேரமும்தான்.

உட்கார்ந்து பேசுவதற்கு முன் ஒரு வேலை. பழைய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஒரு வேலைநாளை மணிவாரியாக எழுதுங்கள்: யார், எந்த அறையில், என்ன சத்தம். சண்டை முக்கால்வாசி காலை ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில்தான் இருக்கும். ஒருவருக்கு மீட்டிங், இன்னொருவருக்கு மிக்ஸி, பால்கனியில் வாஷிங் மெஷின் கடைசிச் சுற்றில் குதித்துக்கொண்டிருக்கும். தேங்காய்ச் சட்னியை எட்டே முக்காலுக்குள் அரைத்துவிடலாம், துணியை ராத்திரியே போட்டுவிடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் மிக்ஸிதான் நகர வேண்டும் என்று எழுதாத சட்டம் போடாதீர்கள். மீட்டிங்கில் இருப்பவர் மியூட் போட்டுக் கதவைச் சாத்தலாம்.

அடுத்து, டைனிங் டேபிளை மீட்க வேண்டும். அது ஆபீஸ் ஆனபோதுதான் சாப்பாட்டுத் தட்டு டிவி முன்னால் போனது. கதவுள்ள படுக்கையறையில் 2 அடிக்கு 3 அடி மடக்கு மேசை போதும். உயரம் 28 முதல் 30 அங்குலம். ஜன்னல் முதுகுப்பக்கம் வந்தால் திரையில் முகம் கறுப்பாகத் தெரியும், அதனால் பக்கவாட்டில் வையுங்கள். ரவுட்டரை டிவிக்குப் பின்னால் ஒளிக்காமல் ஹாலில் தலைக்கு மேல் உயரத்தில் வைக்க வேண்டும். பின்னறையில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சுவரைத் தாண்டத் திணறும், அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். கரண்ட் போனால் மீட்டிங் போகாமலிருக்க ரவுட்டருக்கென்றே பேட்டரியுள்ள ஒரு மினி யூபிஎஸ் உண்டு; வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய சிக்கு சமையலறையில் இருக்கிறது. முன்பெல்லாம் டிபன் பாக்ஸ் கட்டியதும் எட்டரைக்கு அடுப்பு அணையும். ஊரடங்கில் பதினொரு மணிக் காபி, மதியம் சுடச்சுடச் சாப்பாடு, நாலு மணிக்கு ஏதாவது, ராத்திரி டிபன் என்று கடை விரிந்தது. வேலைக்கார அம்மாவும் வர முடியாததால் பாத்திரமும் சேர்ந்துகொண்டது. இதற்கு "கொஞ்சம் ஹெல்ப் பண்றேன்" என்பது மருந்து ஆகாது. வேலையைத் துண்டாகக் கொடுக்காமல் முழுசாகக் கைமாற்றுங்கள்.

இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். மாவாட்டுவது அதில் கால்வாசி வேலைதான். மாவு தீரப்போகிறது என்று முந்தின நாளே கவனிப்பது, உளுந்து இருக்கிறதா என்று பார்ப்பது, 4 டம்ளர் இட்லி அரிசியையும் 1 டம்ளர் உளுந்தையும் ஒரு ஸ்பூன் வெந்தயத்தையும் நாலு மணி நேரம் ஊறவைப்பது, ஆட்டி உப்புப் போட்டுக் கரைப்பது, கிரைண்டர் கழுவுவது, பொங்கியதும் ஃபிரிட்ஜில் எடுத்து வைப்பது, இத்தனையும் ஒரே ஆள் பொறுப்பு. "எப்போ ஊறப்போடணும்?" என்று கேட்டுக்கொண்டே ஆட்டித் தந்தால், நினைவில் வைக்கும் பாரம் பழைய ஆளிடமேதான் இருக்கிறது.

முதல் வாரம் சொதப்பும். சென்னை மே மாதத்தில் ஆறு மணி நேரத்திலேயே மாவு பொங்கிவிடும். ராத்திரி வெளியிலேயே விட்டால் காலையில் மேடையெல்லாம் வழிந்து புளித்துக் கிடக்கும். அந்த நேரத்தில் "தள்ளுங்க, நானே பண்ணிக்கிறேன்" என்று சொன்னால் எல்லாம் போச்சு, வேலை அன்றே திரும்பி வந்துவிடும். புளித்த மாவில் வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு ஊத்தப்பம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த முறையும் அதே ஆளிடமே விடுங்கள். மூன்று நடை போதும். வேலை கைமாறியதை மாமியாரிடம் மகனே சொல்ல வேண்டும். மருமகள் வாயால் வந்தால் அது வேறு சண்டை.

ஆன்லைன் வகுப்புக்கென்று கொடுத்த போனைப் பிடுங்கினால் கலவரம்தான். ஹாலில் ஒரே சார்ஜிங் போர்டு, ராத்திரி ஒன்பதுக்கு எல்லாப் போனும் அங்கே. அப்பா போன் மட்டும் தலையணைக்கு அடியில் இருந்தால் மூன்றாம் நாளே சட்டம் செத்துவிடும். தாத்தாவின் சீரியல் சத்தத்துக்கு ஒரு ப்ளூடூத் ஹெட்போன் போதும். அதைவிட, அப்போது நின்றுபோன அவருடைய பார்க் நடையைத் திரும்பத் தொடங்கிவையுங்கள்.

கணவன் மனைவி தனியாகப் பேச அப்பார்ட்மென்ட்டில் மொட்டை மாடி ஒன்றுதான் இடம். ஆறரை மணி வெயில் தாழ்ந்ததும் இருபது நிமிடம் நடங்கள், போன் கீழேயே இருக்கட்டும். இஎம்ஐ, ஸ்கூல் ஃபீஸ் பேச்சை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் மாடிக்கு வரவே ஒருவருக்குக் கசக்கும்.

அடி, மிரட்டல், செலவுக்குக் காசு தராமல் முடக்குவது இருக்கும் வீட்டுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே மாவும் மேசையும் காரணம் இல்லை. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, உடனே ஆபத்து என்றால் 112. ஊரடங்கில் பலரால் கூப்பிட முடியாமல் போனதற்குக் காரணம், அடிக்கிற ஆள் எந்நேரமும் பக்கத்திலேயே இருந்ததுதான். வொர்க் ஃப்ரம் ஹோம் வீட்டிலும் அதே நிலைதான். பால் வாங்கப் போகும்போதோ மாடியில் துணி காயப்போடும்போதோ கூப்பிடுங்கள். ஆதார், பேங்க் பாஸ்புக் நகல்களை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். பேசி முடித்ததும் கால் லிஸ்ட்டில் அந்த எண்ணை அழித்துவிடுங்கள்.