எடைமேடை கம்ப்யூட்டரில் பேட் செக்டர்: தேடுவதும் மாற்றுவதும்

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் லாரி ஏறும் எடைமேடைகளில் இன்னும் 80 ஜிபி, 160 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை வைத்தே காலம் தள்ளுகிறார்கள். சீசன் சூடுபிடிக்கும்போதுதான் அதில் பேட் செக்டர் (டேட்டாவைப் படிக்க முடியாத சிறு துண்டு) விழுந்து படுத்துக்கொள்ளும். "ஃபார்மட் அடிச்சா சரியாயிடுமா தம்பி?" என்று கேட்பார்கள். ஃபார்மட்டை அப்புறம் பார்ப்போம்ணே, முதல்ல காப்பி எடுப்போம்.

டிஸ்க் டக் டக்கென்று அடித்தால் உடனே கரண்டை நிறுத்துங்கள். கீழே சொல்லும் எதுவும் அதற்கு ஆகாது. சத்தமில்லை, ஃபைல் மட்டும் திறக்கவில்லை என்றால் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற நகலெடுக்கும் கட்டளையைப் போட்டு இன்னொரு டிஸ்க்கில் முழு நகல் எடுங்கள். சாதாரண காப்பி கெட்ட இடத்தில் முட்டி நின்றுவிடும். இது நல்லதை முதலில் அள்ளிவிட்டுக் கெட்டதைக் கடைசியில் கிளறும். எதுவரை நகலெடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைலுக்குப் பெயரைக் கட்டாயம் கொடுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அடுத்து ஸ்மார்ட்சிடிஎல் (smartctl), டிஸ்க் தன் நலம் பற்றி வைத்திருக்கும் கணக்கைக் காட்டும் கட்டளை. அது காட்டும் பட்டியலில் 5, 197, 199 என்று எண்ணிட்ட வரிகள் போதும். 199 ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி, டிஸ்க்கைத் திட்டாதீர்கள். 197 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். 5 என்பது ஏற்கெனவே மாற்றப்பட்டவை.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். டிஸ்க்கினுள் உபரி செக்டர்கள் உண்டு. ஆனால் ஒரு செக்டரைப் படிக்க முடியாமல் இருக்கும்வரை டிஸ்க் அதை மாற்றாது. அதிலிருக்கும் டேட்டா எப்போதாவது கிடைக்குமென்று வைத்திருக்கும். அதன்மேல் புதிதாக எழுதும்போதுதான் முடிவெடுக்கும். எழுதும் நேரத்தில் கரண்ட் போய்க் குழம்பிய செக்டர் என்றால், மேலே எழுதியதும் பிழைத்துக்கொள்ளும். தட்டிலேயே கீறல் என்றால் உபரியைக் கொண்டுவரும். (ஐடிஇ வகை டிஸ்க் வருவதற்கு முந்தைய பழைய டிஸ்க்குகளில் கெட்ட இடங்களின் பட்டியல் லேபிளிலேயே ஒட்டியிருக்கும். ஃபார்மட் செய்பவர் அதைப் பார்த்துக் கையால் தட்டவேண்டும்.)

எந்த செக்டர் என்று அறிய ஸ்மார்ட்சிடிஎல்லில் நீண்ட டெஸ்ட் ஓடவிடுங்கள். முதல் பிழையின் எல்பிஏ எண், அதாவது டிஸ்க்கில் அந்த செக்டரின் வரிசை எண், கிடைக்கும். அதிலிருந்து பார்ட்டிஷன் தொடங்கும் எண்ணைக் கழித்து, என்டிஎஃப்எஸ்கிளஸ்டர் (ntfscluster) என்ற கட்டளையிடம் கொடுத்தால் அது எந்த ஃபைல் என்று சொல்லும். பில் டேட்டாபேஸ் என்றால் நகலைச் சரிபார்க்காமல் கைவைக்காதீர்கள். வெற்றிடமோ டெம்ப் ஃபைலோ என்றால் எச்டிபார்மில் (hdparm) அந்த செக்டரின் மேல் எழுதும் ரைட்-செக்டர் கட்டளை. செய்வது தெரிந்துதான் செய்கிறேன் என்று தனியாக ஒரு வார்த்தை சேர்க்காமல் அது நகராது. நியாயம்தான், 512 பைட்டும் பூஜ்ஜியமாகிவிடுமே.

பிறகு 197 இறங்கும். 5 ஏறாவிட்டால் கரண்ட் போனதால் வந்த குழப்பம்தான், யூபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள். ஒன்றிரண்டு ஏறி நின்றால் ஓட்டலாம். வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க்கை மாற்றுங்கள்.

விண்டோஸின் செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் (chkdsk /r) செய்வது வேறு. கெட்ட கிளஸ்டரை (செக்டர்களின் தொகுப்பை) ஃபைல் சிஸ்டத்தில் குறித்துவைத்து ஒதுக்குவதோடு சரி. அந்தக் குறி நகலோடு புது டிஸ்க்குக்கும் வந்துவிடும். அங்கே ஒருமுறை செக்டிஸ்க் ஸ்லாஷ் பி (/b) போட்டு ஓட்டினால் மறுபடி சோதித்து நீக்கிவிடும்.