நிதியுதவியுடன் முனைவர் பட்டம்: விண்ணப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் பொறியியல் முடித்தவர்களிடம் பிஎச்.டி. பற்றிப் பேசினால், பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி 'எவ்வளவு செலவாகும்?' என்பதுதான். அதற்கு வசதியில்லை என்று முடிவுசெய்து விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவதுதான் முதல் தவறு. ஐஐடி போன்ற மத்திய நிறுவனங்களில் முழுநேர ஆய்வாளராகச் சேருவோர் பலருக்கு மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கிறது. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கான (ஜேஆர்எஃப்) தொகை 37,000 ரூபாய். முதுநிலை ஆய்வாளராக உயரும்போது 42,000 ரூபாய்.

ஆனால் அந்தப் பணம் எதனோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் சேருவது அதைவிடப் பெரிய தவறு. விளம்பரத்தில் 'ஜேஆர்எஃப்' என்று கண்டதும் பலர் அதை பிஎச்.டி. இடம் என்றே எண்ணிவிடுகிறார்கள். ஒரு பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் தரப்படும் ஜேஆர்எஃப் பணி, அந்தத் திட்டத்தின் நிதி தீரும்போது தீர்ந்துவிடும். முனைவர் பட்டப் பதிவுக்குத் தனி விண்ணப்பமும் நேர்காணலும் உண்டு. நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் வென்று பெறும் ஜேஆர்எஃப் உங்கள் பெயரில் வருவது. பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு சேருவோர் பலருக்குத் துறையில் பாடம் நடத்தவும் ஆய்வகத்தைக் கவனிக்கவும் உதவுவதற்கு ஈடாகத் தொகை தரப்படுகிறது. எனவே திட்டப் பணியில் சேருமுன், 'இதிலிருந்தபடியே பிஎச்.டி.க்குப் பதிவு செய்யலாமா, திட்டம் இன்னும் எத்தனை மாதம் ஓடும்?' என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படுபவர்களே பின்னால் அலைகிறார்கள்.

வெளிநாட்டு வாய்ப்புகளில் நிபந்தனைகளை முழுமையாக வாசிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி முனைவர் வலைப்பின்னல்கள் என்ற திட்டத்தில், பணியமர்த்தப்படுவதற்கு முந்தைய 36 மாதங்களில், பணியமர்த்தும் நிறுவனம் உள்ள நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருந்தால் பொதுவாகத் தகுதி இல்லை. அங்கேயே முதுநிலை படித்தவர்களுக்கு இது தெரியாமல் போவதுண்டு.

பேராசிரியர்களுக்கு ஒரே மின்னஞ்சலைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்புவதும் வீண் வேலை. 'சிறுவயது முதலே ஆராய்ச்சியில் ஆர்வம்' என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியதைக் கண்ட ஒருவர், அந்தப் பரவலை ஆழமற்ற நீரோட்டச் சமன்பாடுகளைக் கொண்டு கணினியில் உருவகப்படுத்த முடியுமா என்று கேட்டு, தாம் எழுதிய சிறு நிரலையும் இணைத்து அனுப்பினால், அந்தத் துறைப் பேராசிரியர் அதைப் படிக்காமல் ஒதுக்குவது கடினம். ஊரின் துயரத்தை மட்டும் எழுதி, கணிதத்தை விட்டுவிடக் கூடாது.

சான்றிதழில் தடுக்கி விழுபவர்களும் உண்டு. தமிழக அரசின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய நிறுவனங்களின் ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்குப் போதாது, மத்திய அரசின் படிவத்தில், கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவினர்) அல்லாதவர் என்ற ஓ.பி.சி. சான்றிதழை விளம்பரம் குறிப்பிடும் தேதிக்குப் பின் புதிதாக வாங்க வேண்டும். கடைசித் தேதிக்குச் சில வாரங்கள் முன்பே தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பம் போய்ச் சேரட்டும்.