அல்பாய் மாகாணம்: மயோன் எரிமலையைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிலிப்பைன்ஸின் அல்பாய் மாகாணத்தைக் கேள்விப்பட்டவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மயோன் எரிமலையின் படம்தான். 2,462 மீட்டர் உயரம், எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே சீரான கூம்பு, அடிவாரத்தில் லெகஸ்பி நகரம், அதையொட்டி அல்பாய் வளைகுடா. படம் அழகுதான். ஆனால் அதை வைத்தே அந்த ஊரைப் புரிந்துகொள்ளப் பார்ப்பவர்கள் நெருப்பை மட்டும் கவனித்து மழையை விட்டுவிடுகிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

2006-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் மயோன் லாவாவைக் கக்க ஆரம்பித்தது. ஆகஸ்டில் பல்லாயிரம் பேரை முகாம்களுக்கு அனுப்பினார்கள். பயந்த பெருவெடிப்பு வரவில்லை, மக்கள் வீடு திரும்பினார்கள். நவம்பர் 30 அன்று துரியன் சூறாவளி வந்தது. அங்கே அதன் பெயர் ரெமிங். லெகஸ்பியில் 466 மி.மீ. மழை கொட்டியது. சரிவில் தங்கியிருந்த சாம்பலும் மணலும் பாறைகளும் தண்ணீரோடு கலந்து, குழைத்த கான்கிரீட் போல ஓடைகள் வழியே இறங்கின. இதைத்தான் லஹார் என்கிறார்கள். கினோபாட்டான், தாராகா, லெகஸ்பியை ஒட்டிய பாடாங் ஆகிய இடங்களில் வீடுகள் கூரை வரை புதைந்தன. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஆயிரத்துக்கு மேல். எரிமலை அடங்கிவிட்டது என்ற செய்தியோடு ஆபத்து முடிவதில்லை. 2020 நவம்பரில் கினோபாட்டானில் மறுபடியும் இதே கதை நடந்தது.

மழை என்றதும் இன்னொன்று. 'டிசம்பர், ஜனவரியில் பிலிப்பைன்ஸ் போகலாம், மழை இருக்காது' என்ற அறிவுரை மணிலாவுக்குச் சரி. அல்பாய் பசிபிக்கைப் பார்த்த கிழக்குக் கரை. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை தரும் அதே வடகிழக்குக் காற்று அங்கேயும் மழையைக் கொண்டுவருகிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல மழை, மலை பெரும்பாலும் மேகத்துக்குள். ஏப்ரல், மே தான் ஓரளவு வறண்ட காலம்.

அப்புறம் காக்சாவா, மயோன் அடிவாரத்தில் பழைய தேவாலய இடிபாடு இருக்கும் இடம். 1814 பிப்ரவரி 1 வெடிப்பில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். அங்கே நிற்கும் மணிக்கூண்டைக் காட்டி, தேவாலயம் முழுக்க அன்றே லாவாவில் மூழ்கியது என்று சொல்வார்கள். ஆனால் 1928 வரைக்குமான பழைய படங்களில் கட்டடத்தின் மற்ற பகுதிகளும் நிற்பது தெரிகிறது. மிச்சத்தைப் பின்னால் வந்த நிலநடுக்கங்கள் சாய்த்தன.

'இவ்வளவு தெரிந்தும் அங்கேயே ஏன் இருக்கிறார்கள்' என்று கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. சாம்பல் மண்ணில்தான் தென்னையும் காய்கறியும் நார்ப்பயிரான அபாகாவும் செழிக்கின்றன. நிலம் அங்கே இருக்கும்போது மனிதர் வேறெங்கே போவார்? 1993 வெடிப்பில் இறந்த எழுபதுக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலானோர் வயலில் இருந்த விவசாயிகள். 2018-இல் 80,000-க்கும் அதிகமானோர் வெளியேறினார்கள்; பலருக்குப் பள்ளிக்கூட வகுப்பறைதான் வீடு. மாட்டைப் பார்க்கத் திருட்டுத்தனமாகத் திரும்பிப் போகிறவர்கள் இருப்பதால் எருமைகளையும் சேர்த்தே அப்புறப்படுத்துகிறார்கள். இதை அறியாமை என்று எழுதுவது அநியாயம்.

சுற்றுலாவே பிழைப்பு என்று நினைப்பதும் தவறு. அபாகா வாழையின் இனம், ஆனால் பழத்துக்காக வளர்ப்பதில்லை. தண்டை வெட்டி, மட்டைகளைப் பட்டையாக உரித்து, கத்திக்கும் கட்டைக்கும் நடுவே கொடுத்துப் பலங்கொண்டு இழுத்தால் சதை வழிந்து நார் மட்டும் கையில் வரும். அதைக் கொடியில் காயப்போடுகிறார்கள். ஒரு காலத்தில் கப்பல் கயிறு, இப்போது தேநீர்ப் பைக்கும் கரன்சி நோட்டுக்குமான காகிதம். பிலி கொட்டையும் அப்படித்தான்: ஓடு அவ்வளவு கெட்டி, அரிவாளால் ஒரே வெட்டில் பிளக்கத் தெரிந்த கை வேண்டும். அதே மாகாணத்தின் திவி என்ற ஊரில் 1979 முதல் புவிவெப்ப மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் அந்த வெப்பம் மயோனுடையது அல்ல, பக்கத்து மலினாவ் மலையுடையது.

கடைசியாக, எச்சரிக்கை நிலை 0 என்றால் பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள். 2013 மே 7 அன்று நிலை 0-இல்தான் இருந்தது. நிலத்தடி நீர் திடீரென நீராவியாகி வெடித்ததில் மலையேறிகள் 5 பேர் இறந்தார்கள். உச்சியைச் சுற்றி 6 கிலோமீட்டர் நிரந்தர ஆபத்து வளையம். 'வழி தெரிந்த ஆள் இருக்கிறார்' என்று யார் கூப்பிட்டாலும் உள்ளே போக வேண்டாம். மலையைப் பார்க்க லெகஸ்பியின் லிக்னோன் குன்று போதும். எரிமலையைக் கண்காணிக்கும் நிலையமும் அங்கேதான் இருக்கிறது. விடிந்ததும் ஏறிவிடுங்கள், வெயில் ஏற ஏற உச்சியை மேகம் மூடிவிடும்.